ஏ1 அமுக்குனா பாட்டு வரணும்

2019 மே மாசம் அப்பா திருச்சிலேருந்து அமெரிக்கால மிச்சிகன்ல இருக்கற எங்க வீட்டுக்கு ஆறு மாசம் தங்க வந்திருந்தார். வந்த மறுநாளே பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய், லைட்டெல்லாம் அணைச்சிட்டு, "இப்ப பாருங்கப்பா"ன்னு ஸ்விட்ச்சப் போட்டேன். ஜூக்பாக்ஸ்னா காசு போட்டுப் பட்டன அமுக்குனா கேட்ட பாட்டப் பாடற பெரிய பொட்டி. மூலைல நின்ன ஜூக்பாக்ஸ் பச்சை, ஆரஞ்சு, ஊதான்னு மாறி மாறி மின்னுச்சு. அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டுக் கிட்டப் போயி, முன்னாடி வரிசையா இருந்த பட்டன்ல ஏ1ன்னு எழுதியிருந்தத அமுக்குனார். ஒன்னும் நடக்கல. பி4 அமுக்குனார், அதுவும் இல்ல. பட்டன் உள்ளயே போகல, ஏன்னா அது பட்டனே இல்ல, பிளாஸ்டிக்ல பட்டன் மாதிரி அச்சுப் போட்டது. நான் போன எடுத்து ப்ளூடூத் கனெக்ட் பண்ணி ஒரு பாட்டப் போட்டேன். அப்பா ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "பாட்டு போன்லேருந்துதானடா வருது, அப்ப இந்தப் பொட்டி எதுக்கு?"ன்னாரு.

அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. முந்தின வருஷம் தேங்ஸ்கிவிங் சேல்ல முந்நூறு டாலர் குடுத்து வாங்குனது அது. கம்பெனி பேர் வேணாம், இந்த ரகத்துல எல்லாமே கிட்டத்தட்ட ஒன்னுதான். வெளிய பாத்தா மரம், ஒரு மூலைய நகத்தால கீறுனா மரம் மாதிரி பிரிண்ட் அடிச்ச ஸ்டிக்கர், அதுக்கு அடில அழுத்துன மரத்தூள் அட்டை. ஓரத்துல இருக்கற குழாய்ல குமிழி மேல ஏறுதுன்னு நெனச்சது நெளிநெளியா வார்த்த பிளாஸ்டிக்குக்குப் பின்னாடி எல்இடி லைட்டு ஓடறது. பின்பக்கம் நாலு ஸ்க்ரூவக் கழட்டிப் பாத்தப்ப அவ்ளோ பெரிய பொட்டிக்குள்ள உள்ளங்கை அளவு ஒரு சர்க்யூட் போர்டும் ரெண்டு சின்ன ஸ்பீக்கரும் மட்டும் இருந்துச்சு, மிச்சமெல்லாம் காத்து. குடுத்த காசுக்கு அது மோசமில்ல, ஆனா நான் வாங்க நெனச்சது ஜூக்பாக்ஸ், வாங்குனது ஜூக்பாக்ஸ் வேஷம் போட்ட ஸ்பீக்கர்.

அந்த ஆறு மாசமும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல். மவுண்ட் ரோட்ல ஒரு ஹோட்டல்ல ஜூக்பாக்ஸ் இருந்ததாவும், காலேஜ் படிக்கறப்ப ஃப்ரெண்ட்ஸோட போயி ஒரே ஒரு டீய வாங்கி வச்சிக்கிட்டு அடுத்தவங்க காசுல பாட்டு கேட்டதாவும் அப்பா அடிக்கடி சொல்வார். அவர் சொன்னதுல பாட்டவிட அதிகமா வந்தது அந்தக் கைதான். கண்ணாடிக்குள்ள ஒரு இரும்புக் கை போயி நூறு ரெக்கார்டுல சரியா ஒன்ன மட்டும் எடுத்து வைக்குமாம், அதப் பாக்கவே கூட்டம் நிக்குமாம். அப்பதான் புரிஞ்சுது, ரெப்ளிகா, அதாவது பழசு மாதிரியே புதுசா செஞ்சத வாங்கறவன் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ள என்ன இருக்கு, அது வேலை செய்யறத நான் கண்ணால பாக்க முடியுமா?

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கோவிட், யாரும் எங்கயும் போகல, நான் ராத்திரி ராத்திரி உக்காந்து இதப் பத்தி மட்டுமே படிச்சேன், என் மனைவி "ஏங்க, இதுக்கு ஒரு டிகிரியே வாங்கியிருக்கலாம்"னா.

படிச்சதுல எனக்கு ரொம்ப உதவுன விஷயத்த மொதல்ல சொல்லிடறேன். வளைஞ்ச தலையும் ரெண்டு பக்கமும் ஏறி எறங்கற குமிழியுமா நாம சினிமால பாத்த அந்த ஜூக்பாக்ஸ் அனேகமா ஒரே ஒரு மாடல்தான், வுர்லிட்ஸர் 1015. பால் ஃபுல்லர்ங்கறவர் டிசைன் பண்ணது, 1946ல வந்துச்சு. யுத்தத்துல அமெரிக்கால ஜூக்பாக்ஸ் தயாரிப்பே நின்னு போயிருந்ததால மதுக்கடை, சின்னச் சாப்பாட்டுக் கடைன்னு எல்லாருக்கும் புதுசு தேவைப்பட்டுச்சு, ஒன்னரை வருஷத்துல 56,000 கிட்ட வித்துச்சு. இன்னிக்கு ரெப்ளிகான்னு விக்கறதுல நெறைய இதோட காப்பி. ஆனா அந்த ஒரிஜினல் 1015 ஓட்டுனது 78 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற ரெக்கார்டு, அதுவும் 24 பாட்டு, ஒவ்வொரு ரெக்கார்டுலயும் ஒரு பக்கம் மட்டும். 45 ஆர்பிஎம் ரெக்கார்டே 1949லதான் ஆர்சிஏ விக்டர் கொண்டு வந்தாங்க, அதப் போடற முதல் ஜூக்பாக்ஸ் 1950ல சீபர்க் கம்பெனியோட எம்100பி. அதனால "ஒரிஜினல்தான் வேணும், ரெப்ளிகா டூப்ளிகேட்"னு முறுக்கிக்கிட்டு, ரெஸ்டோர் பண்ண ஒரிஜினலப் பெரிய விலை குடுத்து வாங்கறவங்க, கைல இருக்கற 45 எதையும் அதுல போட முடியாதுன்னு வீட்டுக்கு வந்தப்புறம் தெரிஞ்சிக்கறாங்க. 1986ல ஜெர்மனில இருந்த வுர்லிட்ஸர் கம்பெனியே அதே 1015 உருவத்த 45 ஓட்டற மெஷினோட திரும்பக் கொண்டு வந்தாங்க. இந்த மாதிரி ரெப்ளிகா வீட்டு உபயோகத்துக்கு ஒரிஜினலவிட மேல்னே நான் சொல்லுவேன். கோவிச்சிக்கறவங்க கோவிச்சிக்கலாம்.

உள்ள என்ன இருக்குங்கறதுல மூணு ரகம். ரெக்கார்டு ஓட்டறது, சிடி ஓட்டறது, ஹார்டுடிஸ்க் வச்சு டச்ஸ்க்ரீன்ல ஓடறது. டச்ஸ்க்ரீன் ரகத்தப் பத்தி எனக்குப் பேச ஒன்னுமில்ல, அது கம்ப்யூட்டர். சிடி ரகம் செகண்ட்ஹேண்ட்ல சல்லிசாக் கெடைக்கும், சத்தமும் நல்லாருக்கும், ஆனா பழசாயிட்டா லேசர் போயிடும், அந்த மாடலுக்கு உண்டான லேசர் இப்ப கெடைக்குதான்னு பாத்துட்டுதான் காசு குடுக்கணும். ரெக்கார்டு ரகத்துல கெட்டுப் போறது பெல்ட்டு, ஊசி, ரப்பர், காஞ்சு போன கிரீஸ். இதெல்லாம் கைல சரி பண்ணலாம்.

2022 ஜனவரில பக்கத்து மாநிலம் ஒஹாயோல டொலிடோ பக்கம் ஒரு பெரியவர் வீட்டக் காலி பண்றார்னு விளம்பரம் பாத்தேன். 1015 உருவத்துல 45 ஓட்டற ரெப்ளிகா, 50 ரெக்கார்டு, ரெண்டு பக்கமும் பாடும், அதனால 100 பாட்டு. 4,000 சொன்னார், 3,200க்கு முடிஞ்சுது. புதுசா வாங்குனா இந்த ரகம் பத்தாயிரம் டாலரத் தாண்டும்.

வாங்கப் போறப்ப ஒரு விஷயத்த சரியா பண்ணேன், ஒன்ன சுத்தமா கோட்ட விட்டேன். சரியா பண்ணது, போன உடனே காசப் பத்திப் பேசாம மெஷின ஆன் பண்ணச் சொல்லி அரை மணி நேரம் அவரோட காபி குடிச்சது. குமிழி டியூப்னு ஒன்னு இருக்கில்ல, அது மீன்தொட்டி மாதிரி காத்து பம்ப்ல ஓடறதில்ல. சீல் வச்ச கண்ணாடிக் குழாய்க்குள்ள மெத்திலீன் குளோரைடுன்னு ஒரு திரவம், அது 40 டிகிரிலயே கொதிக்கும், அடில ஒரு குட்டி ஹீட்டர் சூடு பண்ணுனா அது கொதிச்சுக் குமிழியா ஏறும், அவ்ளோதான். அதனால ஆன் பண்ண உடனே ஒன்னும் வராது, சில டியூப் அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிக்கும், சிலது கால் மணி நேரம் எடுக்கும். அன்னிக்கு எட்டு டியூப்ல ஏழுதான் குமிழி விட்டுச்சு, அத வச்சுதான் வெலையவே கொறச்சேன். அந்தத் திரவம் உடம்புக்கு ஆகாது, இங்க 2024ல வந்த விதிப்படி பொதுமக்களுக்கு அத விக்கவே தடை, அதனால டியூப் ஒடைஞ்சா ஜன்னலத் தெறந்து விட்டுட்டு ரூம விட்டு வெளிய வந்துடணும், தொடைக்கறேன்னு குனியக்கூடாது, நாமளே நிரப்பிக்கலாம்ங்கற யோசனையும் வேணாம். சீல் பண்ண டியூப் அப்படியே விக்கறாங்க, அத வாங்கி மாட்டிடணும். பேரன் பேத்தி ஓடியாடற வீடுன்னா முன்னாடி ஒரு சின்னத் தடுப்பு நல்லது.

அப்புறம் ஒரு முழு ரெக்கார்ட ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் கேக்கணும். முடிஞ்சதும் கை திரும்ப வந்து ரெக்கார்ட எடுத்து அதே எடத்துல வைக்குதான்னு பாக்கணும். பத்துப் பதினஞ்சு வேற வேற நம்பர் அமுக்கிப் பாக்கணும். விக்கறவர் தனக்குப் பிடிச்ச நாலு நம்பரத்தான் அமுக்கிக் காட்டுவார்.

கோட்ட விட்டது அளவு. மெஷின் அகலம் 33 இன்ச், ஆழம் 25, உயரம் கிட்டத்தட்ட 60, எடை 150 கிலோவுக்குக் கொறையாது. பேஸ்மென்ட் கதவு 30 இன்ச்தான், ஆனா மெஷின பக்கவாட்டுல திருப்புனா 25தான, ஈஸியாப் போயிடும்னு கணக்குப் போட்டேன். கதவுல போயிடும். படி எறங்கி அடில ஒரு திருப்பம் இருக்கு, 36க்கு 36 இன்ச் எடம், அங்கதான் திருப்பணும். 33ம் 25ம் சேர்ந்தா மூலைவிட்டம் 41 இன்ச். எட்டாங்கிளாஸ் பித்தாகரஸ். கணக்கு வாத்தியார் அன்னிக்கு அடிச்சதுல தப்பே இல்ல. கதவ மட்டும் அளக்காதீங்க, திருப்பத்த அளங்க.

பின்பக்கத் தோட்டத்துலேருந்து நேரா பேஸ்மென்ட்டுக்குள்ள போற சறுக்குக் கதவு எங்க வீட்ல இருக்கு, ஆனா ஜனவரி மிச்சிகன், ஒரு அடி பனி. 150 கிலோவ அதுல யார் தள்றது? அதனால மெஷின் மார்ச் நடு வரைக்கும் கராஜ்லயே பொதிஞ்சு கெடந்துச்சு. அதுலயும் ஒரு நல்லது நடந்துச்சு. பக்கத்து வீட்ல கார் ஃபேக்டரில மெஷின் மெயின்டனன்ஸ் பாத்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்கார், கராஜ் தெறந்திருந்தப்ப பாத்துட்டு உள்ள வந்தவர், ரெண்டு மாசம் கெளம்பவே இல்லன்னு சொல்லலாம். அவர்தான் சொன்னார், ஐஸ் மாதிரி இருக்கற மெஷின சூடான ரூமுக்குள்ள கொண்டு போன உடனே ஸ்விட்ச் போட்டுடாதே, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த சொம்பு மாதிரி உள்ள பூரா வேர்த்திருக்கும், ஒரு நாள் முழுக்க சும்மா வையின்னு. வச்சேன். ரெக்கார்டெல்லாம் முன்னாடியே எடுத்துட்டு, உள்ள ஸ்ப்ரிங் மேல தொங்கற மெக்கானிசத்த போல்ட் போட்டு இறுக்கிட்டு, படுக்க வைக்காம நிமித்தியே ஃப்ரிட்ஜ் தள்ற ட்ராலில பெல்ட் போட்டுத் தள்ளுனோம். அந்த போல்ட்ட வந்தப்புறம் கழட்ட மறந்துட்டு, கை ஏன் அசையலன்னு ஒரு மணி நேரம் மண்டைய ஒடைச்சிக்கிட்டது தனிக் கதை.

பேஸ்மென்ட்ல வைக்கறவங்களுக்கு இன்னொன்னு, ஈரம். வெயில் காலத்துல எங்க பேஸ்மென்ட்ல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல போயிடும், அப்படியே விட்டா மேல ஒட்டுன மெல்லிசு மரத்தகடு (வெனீர்) ஓரத்துல தூக்கிக்கும், ரெக்கார்டு உறைல பூஞ்சை பிடிக்கும். டீஹியூமிடிஃபையர் வாங்கி 50ல வச்சிருக்கேன், சுவத்துலேருந்து அரை அடி தள்ளிதான் மெஷின் நிக்குது, பின்னாடி காத்து போகணும், ஆம்ப்ளிஃபையர் சூடாகும்.

ரெக்கார்டுக்குப் பஞ்சமில்ல. டெட்ராய்ட் பக்கத்துல இருக்கோம், மோட்டவுன்ங்கற பாட்டு ரெக்கார்டு கம்பெனி 1959ல ஆரம்பிச்ச ஊரு, பழைய சாமான் சந்தைல ஒரு டாலருக்கும் ரெண்டு டாலருக்கும் 45 குவிஞ்சு கெடக்கு. கீறல் விழுந்தத வாங்கிடாதீங்க, லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாக்கணும். ரொம்ப அபூர்வமான ரெக்கார்ட ஜூக்பாக்ஸ்ல போடாம இருக்கறது நல்லது, வீட்டு டர்ன்டேபிள்ல ஊசி ரெண்டு கிராம் கிட்ட அழுத்துனா இதுல அதவிட நல்லா கூடவே அழுத்தும், மெல்ல மெல்லத் தேஞ்சிடும்.

இப்ப அப்பா கதைக்கு வர்றேன். 2022 ஜூன்ல மறுபடி வந்தார். இந்தத் தடவ வேட்டிக்கு நடுவுல சுத்தி 23 இபி ரெக்கார்டு, ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாட்டு இருக்கற சின்ன தட்டு, கொண்டு வந்தார், எல்லாம் அறுபது எழுபதுல வந்தது, டிஎம்எஸ், சுசீலா, ரெண்டு நாகஸ்வரம். 45 ஆர்பிஎம், ஏழு இன்ச், அளவெல்லாம் கரெக்ட். பேஸ்மென்ட்டுக்கு எறங்குனவர் பழைய பிளாஸ்டிக் பொட்டி எங்கன்னுகூட கேக்கல, கண்ணாடிகிட்ட மூஞ்சிய வச்சிக்கிட்டு ஏ1 அமுக்குனார். பட்டன் டக்குன்னு உள்ள போச்சு, தட்டு சுத்துச்சு, நின்னுச்சு, கை நீண்டு ரெக்கார்டப் பிடிச்சுத் தூக்கித் திருப்பி டர்ன்டேபிள்ல வச்சுது, ஊசி எறங்கறப்ப ஒரு கரகரப்பு. ஏதோ மோட்டவுன் பாட்டு. அப்பாக்கு ஒரு வார்த்த புரியல. அது முடிஞ்சு கை திரும்ப ரெக்கார்ட எடுத்து வைக்கற வரைக்கும் அசையாம நின்னுட்டு, "அதே கைடா"ன்னாரு.

உடனே அவர் இபிய எடுத்தோம். ஓட்டை சேரல. அமெரிக்க ஜூக்பாக்ஸ் ரெக்கார்டுக்கு நடுவுல ஒன்னரை இன்ச் ஓட்டை, அப்பா கொண்டு வந்ததுல எல்லாம் எல்பி மாதிரி சின்ன ஓட்டை, பென்சில் நுழையற அளவு. பெரிய ஓட்டைல சின்ன அடாப்டர் போடலாம், சின்ன ஓட்டையப் பெருசாக்கணும்னா வெட்டித்தான் ஆகணும். அதுக்குன்னே டிங்கர்னு ஒரு கைக்கருவி இருக்கு, வெளிநாட்டு ரெக்கார்ட ஜூக்பாக்ஸ்ல போடறவங்க வச்சிருப்பாங்க, ரெக்கார்ட நடுவுல பொருத்தி அழுத்துனா வட்டமா வெட்டி எடுத்துடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கேருந்தோ ஒன்னு வாங்கிட்டு வந்தார். அப்பா 23லயும் தேடி, ஒன்னு மட்டும் ரெண்டு காப்பி இருந்துச்சு, நாகஸ்வரம், அதுல கீறல் இருந்தத எடுத்துக் குடுத்தார். நான்தான் அழுத்துனேன். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போச்சு.

ஒரு மில்லிமீட்டர்தானன்னு நெனச்சேன். நடு தப்புனா ஒவ்வொரு சுத்துக்கும் சத்தம் ஏறி எறங்கும், 45 ஆர்பிஎம்னா ஒன்னேகால் செகண்டுக்குக் கொஞ்சம் கூட, அவ்ளோ எடைவெளில ஒரு அலை. தவில் மாதிரி வாத்தியத்துல அவ்ளோ தெரியாதோ என்னமோ, நாகஸ்வரத்துல நீண்ட கார்வை பிடிக்கறப்ப அப்படியே ஊளையிடுது. அப்பா மிச்ச 22ஐயும் உறைல போட்டு அவர் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டார்.

அதோட நிக்கல, ரெண்டாவது பாட்டு பாதிலயே நின்னுச்சு. நம்ம இபில ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாட்டு, அதனால கோடு லேபிள் கிட்ட வரைக்கும் போகும், ஆனா ஊசிக்கை ஒரு எடத்துக்கு வந்துட்டாலே பாட்டு முடிஞ்சுதுன்னு மெஷின் எடுத்துக்கும். கைக்கு அடில இருக்கற ட்ரிப் ஸ்க்ரூவ, அந்த எடத்த முடிவு பண்றது அதுதான், கால் சுத்து திருப்புனப்புறம் முழுசா பாடுச்சு. இந்திய இபி போடறவங்க இத மனசுல வச்சிக்கோங்க. மிச்ச 22க்கு என்ன பண்ணோம்னா, சாதாரண டர்ன்டேபிள் ஒன்ன பக்கத்துல வச்சு, ஜூக்பாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்ல பின்னாடி இருக்கற இன்புட்ல கோத்துட்டேன். அதே ஸ்பீக்கர், அதே கனமான சத்தம். அப்பாவே ஒவ்வொன்னா மாத்திப் போட்டுக்கிட்டார்.

காசு விஷயத்துலயும் அவர் விடல. வீட்டு மெஷினெல்லாம் ஃப்ரீ ப்ளேல வச்சிருப்பாங்க, காசு போடாமலே பாடும். "காசு போடாம பாடுனா மதிப்பு இருக்காதுடா"ன்னாரு. பேச்சு நியாயம்தான், இந்த மெஷின் பொறந்ததே அப்படித்தான், 1889ல சான்ஃப்ரான்சிஸ்கோல ஒரு சாராயக் கடைல எடிசன் ஃபோனோகிராஃப்ல காசு போடற டப்பாவப் பொருத்தி வச்சதுலதான் ஆரம்பம். சுவிட்ச்ச மாத்தி, கால் டாலர் போட்டா ரெண்டு பாட்டுன்னு செட் பண்ணிட்டேன். பசங்க வீடு பூரா "தாத்தா, குவார்ட்டர் குடுங்க, தாத்தா, குவார்ட்டர்"னு சுத்துனதுல, போன்ல கேட்டுட்டிருந்த திருச்சி அத்தை பதறிப் போயி என்னடா நடக்குது அங்கன்னு கேட்டாங்க.

கோயம்புத்தூர்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் இதெல்லாம் கேட்டுட்டு, எனக்கும் அங்கேருந்து ஒன்னு அனுப்புடான்னான். அவனுக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றேன். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், அதுக்கு ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கலாம். ஆனா இங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவ அலையும், நம்ம ஊர்ல 50, அத ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்தாது. ஏசி மோட்டார் அந்த ஹெர்ட்ஸப் பாத்துதான் சுத்தும், அப்ப 45 சுத்த வேண்டியது 37.5தான் சுத்தும், சுசீலா பாடுனா டிஎம்எஸ் பாடற மாதிரி கேக்கும். 50க்கு உண்டான மோட்டார் புல்லி அந்த மாடலுக்கு கெடைக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடி கேக்கணும். ஐரோப்பால ஓடுன மெஷின்னா இந்தத் தொல்லையே இல்ல. ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் கூட்டிப் பாத்துட்டு அவன் ஒரு நல்ல டர்ன்டேபிள் வாங்கிட்டான்.

எட்டாவது டியூப்ப மாத்த எனக்கு 2023 ஆயிடுச்சு. கடைசில பாட்டுப் பேர் எழுதற சீட்டு, மூணு இன்ச்சுக்கு ஒரு இன்ச் அட்டை, அதுக்குக் கம்ப்யூட்டர்ல டெம்ப்ளேட் போட்டு மத்ததெல்லாம் அழகா அடிச்சு மாட்டியிருக்கேன். ஒன்னு மட்டும் கையெழுத்து. அந்த நாகஸ்வர ரெக்கார்டுக்கு அப்பா ஊதா மையில தமிழ்ல ராகத்தோட பேர எழுதி, ஓரத்துல "நடு தப்பியது"ன்னு குறிப்பும் போட்டு மாட்டிட்டுப் போயிருக்கார். காசுப் பெட்டிய மாசம் ஒருக்கா தெறக்கறப்ப பசங்ககிட்ட எத அதிகமா போட்டீங்கன்னு கேப்பேன். அந்த ஊளைதானாம்.